அறிவிப்பு வேறு, உத்தரவு வேறு: இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு சட்டத் தகராறைப் பின்தொடர்வது எப்படி

2025 ஆகஸ்டு மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) ஆய்வுக் கிணறுகளைத் தோண்டுவதற்கு ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. அனுமதியை வழங்கியது தமிழ்நாட்டுக்கான மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். வழங்கப்பட்டதோ அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில். செய்தி வெளிவந்ததை அடுத்து, அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அரசு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். அன்று மாலையே எங்கள் பக்கத்துக் கைப்பேசிக் குழுக்களில் ‘திட்டம் ரத்து’ என்ற சொற்கள் சுற்றத் தொடங்கிவிட்டன.

அரசின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. ஓர் அமைச்சரின் அறிவிப்பு வெளியான பொழுதில் சட்டத்தின் கணக்கில் எது மாறியது, எது மாறாமல் அப்படியே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால், கேள்வி கேட்க வேண்டிய நாளைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறோம் என்பதே என் கவலை. எஸ்.பி. பட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை நம் கரையைத் தொடும் வழக்குகளும் அரசாணைகளும் அனுமதிகளும் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. அவற்றில் ஒன்று உங்கள் ஊரைத் தொடும்போது எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எத்தனை நாளுக்குள் தேடுவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இது வழக்கறிஞருக்கு மாற்று ஆகாது. வழக்கறிஞரின் வாசலுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று இதைக் கொள்ளலாம்.

முதலில், அது யாருடைய அதிகாரம்

செய்தி எதுவாயினும் முதலில் கேட்க வேண்டியது, இதை முடிவு செய்யும் அதிகாரம் சட்டப்படி யாரிடம் இருக்கிறது என்பதுதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது இனமாக இருக்கிறது. நிலம் அதே பட்டியலில் 18ஆவது. ஆனால் ஆட்சிக்கடல் எல்லைக்கு அப்பாலான மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலின் 57ஆவது இனம். எண்ணெய் வயல்கள் அதே பட்டியலின் 53ஆவது இனம். ஆட்சிக்கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். ஆகவே, நாட்டுப்படகுக்கென ஒதுக்கப்பட்ட முதல் 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வந்து மடி இழுத்தால், அது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் மாநில மீன்வளத்துறை கவனிக்க வேண்டிய செய்தி. ஆழ்கடலில் எண்ணெய் எடுப்பதற்கான ஏலம் என்றால் அது டெல்லியின் கையில் இருக்கிறது. 2025 மார்ச்சில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் வட்டாரத்தை ஏலத்திலிருந்து நீக்கும்படி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏன் உத்தரவிடவில்லை, ஏன் கடிதம் எழுதினார் என்பதற்கு விடை அந்த 53ஆவது இனத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் சட்டப்பேரவை நிறைவேற்றிய கச்சத்தீவுத் தீர்மானமும் இப்படித்தான்: மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானம் அது, அதனால் மட்டும் கடல் எல்லை ஓர் அடிகூட நகராது. கடிதமும் தீர்மானமும் வீண் என்று பொருளல்ல. அரசியலில் அவற்றுக்குக் கனம் உண்டு. ஆனால் அவற்றை நம்பிப் படகை அவிழ்க்க முடியாது.

20 கிணறுகளின் கதையில் இந்தக் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. ‘மாநில’ ஆணையம் என்று பெயர் இருப்பதால் அது மாநில அரசின் ஒரு துறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் அதன் அலுவலகம் இருக்கிறது. உறுப்பினர்களின் பெயர்களைப் பரிந்துரைப்பதும் மாநில அரசுதான். ஆனால் அந்த ஆணையத்தை அமைப்பது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு. அது இயங்குவது 2006 செப்டம்பர் 14ஆம் நாளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி. எனவே மாநில அமைச்சர் திரும்பப் பெறச் சொல்லலாம். திரும்பப் பெறும் உத்தரவு ஆணையத்தின் கையெழுத்தோடு, காரணங்களோடு, ஒரு தேதியோடு எழுத்தில் வர வேண்டும். அந்த அறிவிக்கையின் 8ஆவது பத்தியில், விண்ணப்பதாரர் உண்மையை மறைத்தோ தவறான விவரம் தந்தோ பெற்ற அனுமதியை ரத்து செய்யலாம் என்றும், அதற்கு முன் அவருக்கு நேரில் வாய்ப்பளித்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த வரியை நம் ஊர்க்காரர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். அனுமதி நிலைக்காமல் போக வேண்டுமானால், விண்ணப்பத்தில் எது மறைக்கப்பட்டது என்று காட்டக்கூடியவர்கள் அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள்தான்.

மக்களிடம் கருத்துக் கேட்காமல் எப்படி அனுமதி தந்தார்கள் என்ற கோபம் நியாயமானது. 2020 ஜனவரி 16ஆம் நாள் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம், எண்ணெய், எரிவாயுவுக்கான ஆய்வுக் கிணறுகளை ‘பி2’ என்ற வகைக்கு மாற்றியது. அந்த வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. சுமார் 1,403 சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 இடங்களில் பூமியைத் துளைக்கும் ஒரு திட்டத்துக்கு, கண்மாய்ப் பாசனத்தையும் முண்டு மிளகாயையும் நம்பியிருக்கும் ஒரு மாவட்டத்தில், ஒரு கூட்டம்கூட வேண்டாம் என்று விதி சொல்லுமானால் அந்த விதியே தகராறுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். டெல்டாவுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அது நமக்கும் பொருந்தாதா என்று கேட்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயு ஆய்வையும் தோண்டலையும் தடை செய்வது உண்மை. ஆனால் அதன் அட்டவணையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும்தான் இடம்பெற்றன. பின்னர் மயிலாடுதுறை சேர்க்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வரும்போது மணமேல்குடி அந்த மண்டலத்துக்குள் இருக்கிறது, ஆவுடையார்கோவில் இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டி எஸ்.பி. பட்டினத்துக்குள் நுழைந்ததும் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மண்ணும் கடலும் அங்கே மாறவில்லை. அட்டவணை மட்டும் மாறுகிறது. இராமநாதபுரத்தை அதில் சேர்க்கக் கோருவது சட்டப்பேரவையிடம் வைக்க வேண்டிய கோரிக்கை. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடியது அன்று.

இதனால் மாநில அரசின் கையில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிலப்பகுதியில் பெட்ரோலிய உரிமமும் குத்தகையும் மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசின் வழியாக வழங்கப்படுவதே 1959ஆம் ஆண்டின் விதிகள் தொடங்கி இருந்துவந்த முறை. நீர், காற்றுச் சட்டங்களின்கீழ் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தனியாகத் தேவை. ஆகவே மனு எழுதும்போது சுற்றுச்சூழல் அனுமதியை மட்டும் குறிப்பிடாமல், உரிமம் எந்த நிலையில் இருக்கிறது, வாரியத்தின் இசைவு கேட்கப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காகிதத்தைக் கையில் வாங்குவது

சுற்றுச்சூழல் அனுமதிகள் அனைத்தும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவேற்றப்படுகின்றன. மாநிலத்தையும் மாவட்டத்தையும் நிறுவனத்தின் பெயரையும் கொடுத்துத் தேடினால் விண்ணப்பம், வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகள், அனுமதிக் கடிதம் ஆகியவை கிடைக்கும். பிள்ளைகளில் கணினி தெரிந்த ஒருவர் மாதம் ஒருமுறை இராமநாதபுரம் என்று தட்டிப் பார்ப்பதை ஊர்க் கூட்டமே ஒரு பொறுப்பாக ஒப்படைத்துவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. மார்ச் மாதத்து அனுமதி ஆகஸ்டில் தெரியவந்தது போல இனி நடக்காமலிருக்க இதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை.

அனுமதிக் கடிதம் கிடைத்ததும் நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதல் பக்கத்தில் கோப்பு எண்ணும் தேதியும் இருக்கும். அவற்றைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் இனி எந்த அலுவலகத்தில் நின்றாலும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அடுத்து இடங்களைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தரப்பட்டிருக்கும். அவற்றைக் கைப்பேசி வரைபடத்தில் இட்டால் அந்தப் புள்ளி எந்தக் கண்மாய்க்கு அருகில், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அருகில், எந்த ஓடைக்கு மேல் விழுகிறது என்பது கண்முன் தெரியும். நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சர் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற) ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025 பிப்ரவரியில் சேர்ந்தன. மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் வேறு இருக்கிறது. கடல் பக்கத்தில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் 1986 முதல் பாதுகாக்கப்பட்டவை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் இந்த வளைகுடா, எளிதில் பாதிப்படையும் கடலோரப் பகுதிகளில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் இவற்றுக்கு உள்ள தூரம் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது, வரைபடத்தில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், முன்பு சொன்ன 8ஆவது பத்திக்கு வேண்டிய முதல் சான்று உங்கள் கையில் இருக்கிறது.

கடிதத்தின் பிற்பகுதியில் நிபந்தனைகள் வரும். எதிர்ப்பதில் முனைப்பாக இருக்கும்போது இவற்றைப் படிக்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படிக்க வேண்டும். நிலத்தடி நீரை எடுக்கலாமா, கழிவு எங்கே போகும், வேலை தொடங்குமுன் யாரிடம் இசைவு பெற வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மாநில அரசு அலுவலகமானால் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு அந்த வில்லை செல்லாது. 10 ரூபாய் அஞ்சல் ஆணையோ இணையவழிக் கட்டணமோ வேண்டும். இந்தச் சிறிய வேறுபாட்டால் திரும்பி வந்த மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மாதம் போய்விடுகிறது. மனுவில் ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் காரணம் சொல்வதற்கான சட்டம் அன்று அது. ஆவணம் தருவதற்கான சட்டம். ‘இன்ன எண், இன்ன தேதியிட்ட அனுமதியைத் திரும்பப் பெறுமாறு அரசு தங்கள் ஆணையத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும், அதன்மேல் ஆணையம் எடுத்த முடிவின் கூட்டக் குறிப்பையும், பிறப்பித்த உத்தரவு இருப்பின் அதன் நகலையும் வழங்குக’ என்று எழுத வேண்டும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் பயனில்லாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

நாள் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். நமக்கு உரியது சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இயங்கும் தென்மண்டல அமர்வு. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 16ஆவது பிரிவின்படி, அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். 90 நாள் முடிந்தபின் ஒரு நாள் தாமதமானாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை.

தெரிவிக்கப்பட்ட நாள் எது என்பதில்தான் வழக்குகள் விழுகின்றன. விதிப்படி, அனுமதி பெற்ற நிறுவனம் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் தர வேண்டும். ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளுக்கு நகல் அனுப்ப வேண்டும். உள்ளாட்சி அமைப்பு அதை 30 நாள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். அமைச்சகமோ ஆணையமோ இணையதளத்தில் இட வேண்டும். இந்தக் கடமைகள் வெவ்வேறு நாளில் நிறைவேறினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? குஜராத்தைச் சேர்ந்த தல்லி ஊராட்சி தொடர்ந்த வழக்கில், 2025 ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது: கடமைப்பட்டவர்களுள் யாராவது ஒருவர் வழியாக முதன்முதலில் எந்த நாளில் தெரிவிக்கப்பட்டதோ அந்த நாளிலிருந்தே காலவரம்பு ஓடத் தொடங்கும். எங்கள் ஊராட்சிக்கு நகல் பின்னால்தான் வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இப்போது 20 கிணறுகளின் தேதிகளை மறுபடி பாருங்கள். அனுமதி மார்ச்சில், செய்தி ஆகஸ்டில். மார்ச் மாதத்திலேயே அது முறையாகத் தெரிவிக்கப்பட்டிருந்தால், நாம் நாளிதழில் படித்த அன்று 90 நாளும் முடிந்துபோயிருக்கும். முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்றால், அதை நிறுவும் பொறுப்பு நம்முடையது. அதனால்தான் விளம்பரம் எந்த நாளிதழில் எந்தத் தேதியில் வந்தது, நம் ஊராட்சிக்கு நகல் எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு கேள்விகளைத் தகவல் மனுவில் தவறாமல் சேர்க்கச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களின் பொறுப்பில் ஊராட்சிகள் வந்த காலம் அது; வந்த நகலைப் பெற்றுக்கொண்டது யார் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

காலவரம்பு முடிந்துவிட்டால் எல்லா வாசலும் அடைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது கூறு உயர் நீதிமன்றங்களுக்குத் தரும் அதிகாரத்தைப் பறித்துவிடவில்லை என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை. அங்கே நீதிப்பேராணை மனுவுக்கு எண்ணி வைத்த நாள் இல்லை; ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று நீதிபதி கேட்பார், மாற்று வழி இருந்தும் ஏன் போகவில்லை என்று எதிர்த் தரப்பு கேட்கும். சுற்றுச்சூழல் சேதம் நேர்ந்துவிட்டால் இழப்பீட்டுக்காகத் தீர்ப்பாயத்தை அணுக 15ஆவது பிரிவு 5 ஆண்டு தருகிறது. ஆனால் சேதத்துக்குப் பின் கிடைக்கும் இழப்பீட்டைவிட, சேதத்துக்கு முன் கிடைக்கும் 30 நாள் நமக்கு மதிப்பு மிக்கது.

நாளைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின்நிலையத்துக்கு வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை, 2021 மார்ச்சில் தென்மண்டலத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. பாக் விரிகுடாவின் ஆழமற்ற கடலில் அந்த நிலையத்துக்கான கட்டுமானங்கள் வருவதைப் பற்றி அந்தக் கரையின் மீனவர்கள் சொல்லிவந்த கவலை வழக்காக மாறியதால்தான் அது கேட்கப்பட்டது.

நீதிமன்ற உத்தரவைப் படிப்பது

அரசின் அறிவிப்பைப் போலவே நீதிமன்றச் செய்தியும் வழியில் உருமாறிவிடுகிறது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலையான சுருக்குமடி பற்றிய வழக்கைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சுருக்குமடி வலைக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஜனவரி 24ஆம் நாள் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. ‘சுருக்குமடிக்கு அனுமதி’ என்றுதான் நம் கரைக்குச் செய்தி வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பங்கு சேர்ந்து வலை வாங்குவதற்காக வட்டிக்குப் பணம் புரட்டத் தொடங்கியது.

உத்தரவைப் படித்தால் அதில் இருப்பது வேறு. 12 கடல் மைலுக்கு அப்பால், தனிப் பொருளாதார மண்டலத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) மட்டும். பதிவு பெற்ற படகுகளுக்கு மட்டும். திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும். காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும். படகைக் கண்காணிக்கும் கருவி பொருத்தப்பட்டு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆட்சிக்கடலுக்குள் மாநிலத்தின் தடையை அந்த உத்தரவு தொடவில்லை. பாக் விரிகுடாப் பக்கத்திலோ பல இடங்களில் 12 கடல் மைல் ஓடுவதற்குள் பன்னாட்டுக் கடல் எல்லையே வந்துவிடும். அந்த உத்தரவின் பயன் இராமேசுவரத்துப் படகுக்கு மிகக் குறைவு என்று, நாள்காட்டியையும் கடல் வரைபடத்தையும் வைத்தே ஒரு கடலோடி கணக்கிட்டுவிட முடியும். அந்தக் குடும்பம் அதைக் கணக்கிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எனவே நீதிமன்றச் செய்தி வந்தால் அது இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா என்று முதலில் பாருங்கள். இடைக்கால உத்தரவு, வழக்கு முடியும்வரைக்குமான ஏற்பாடு; அடுத்த விசாரணையில் மாறலாம். ‘தற்போதைய நிலை தொடர வேண்டும்’ என்று நீதிமன்றம் சொன்னால், உத்தரவு பிறந்த நாளில் எது நடந்துகொண்டிருந்ததோ அது மாறக் கூடாது என்று பொருள். எவரும் வென்றதாகப் பொருளில்லை. ‘மனுவைப் பரிசீலித்து 12 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும்’ என்ற உத்தரவை வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். முடிவு உங்களுக்கு எதிராகவும் இருக்கலாம், அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்பதே அங்கே சொல்லப்பட்டது. கடைசியாக, வழக்கு எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்துவிட்டால் நீதிமன்றங்களின் இணையதளத்திலோ ‘இ-கோர்ட்ஸ்’ செயலியிலோ உத்தரவின் நகலும் அடுத்த விசாரணை நாளும் கிடைக்கும். எண் இல்லாத நீதிமன்றச் செய்தியை ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சான்றும் உதவியும்

தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் நம் பக்கம் குறைவாக இருப்பது நியாயம் அன்று, தாள். இந்த மடையில் தலைமுறையாக மீன் குஞ்சு பொரிக்கிறது என்று பெரியவர் ஒருவர் சொல்வது உண்மையாக இருக்கும்; ஆனால் எழுதப்படாதது அங்கே எடுபடாது. ஆகவே கிராம சபையைப் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. தீர்மானத்தில் ‘திட்டத்தை எதிர்க்கிறோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், சர்வே எண், கண்மாயின் பெயர், அதை நம்பியிருக்கும் ஏக்கர், கரைவலை இழுக்கும் இடம், பாசி எடுக்கும் இடம், வலை உலர்த்தும் பொது நிலம் ஆகியவற்றைப் பெயரிட்டு எழுத வையுங்கள். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவர் பயன்படுத்தும் பொது இடங்கள் விடுபட்டுப்போகும்போது, அவை அங்கே இருந்தன என்று காட்டுவதற்கும் இதே தீர்மானம் உதவும். தீர்மானத்தின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்க வேண்டும். மாதம் கழித்துக் கேட்டால் புத்தகம் கிடைப்பதே கடினம்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும், மீனவர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கும்போது, முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள். நாங்கள் முன்பே சொன்னோம் என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

செலவுக்கு அஞ்சிப் பலர் பின்வாங்குகிறார்கள். இழப்பீடு கோராத மனுவுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் தரப்பினரே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அங்கே நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்த் தீர்மானங்களையும் மனுக்களையும் மொழிபெயர்த்து வைக்க வேண்டும்; 30 நாளில் இதற்கே ஒரு வாரம் போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி, 1987ஆம் ஆண்டின் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் புயல் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்து வாழும் பெண்களுக்கும், தீவுப் பகுதியில் வனத்துறைக்கும் இடையே நெடுநாளாக இருந்துவரும் பிணக்கில், அந்தப் பெண்கள் பெண்கள் என்பதனாலேயே இந்த உதவிக்கு உரியவர்கள். இதை அறிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இதைப் படிப்பவர்கள் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

அனுமதி நடைமுறையில் இருக்கும் எந்தத் திட்டத்துக்கும், நிபந்தனைகள் எப்படிக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்ற அறிக்கையை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் கொடுக்க வேண்டும். அறிக்கை பொது ஆவணம். வழக்கு போட்டவர்களும் போடாதவர்களும் அந்த இரண்டு நாள்களை அடுத்த வாரத்தில் பரிவேஷைத் திறந்து, அறிக்கை வந்திருக்கிறதா, அதில் எழுதியிருப்பதும் தங்கள் ஊரில் நடப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, வேறுபாட்டைப் படத்தோடும் தேதியோடும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, ஒப்புகையைக் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.